மாமா அளந்து பார்த்த கட்டை

போன தீபாவளிக்கு மறுநாள் ராத்திரி, வீட்டில் எல்லாரும் தூங்கின பிறகு, மேஜை விளக்கைக் கூடத்துத் தரையில் இறக்கி வைத்துக்கொண்டு, லெகோ என்கிற பிளாஸ்டிக் விளையாட்டுக் கட்டைகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கட்டையின் தலையில் இருக்கும் குமிழ் ஒவ்வொன்றின் மேலும் பொடி எழுத்தில் லெகோ என்று அச்சாகியிருக்கும். விளக்கைச் சாய்த்துப் பிடித்தால்தான் தெரியும். பெயர் இருந்தால் வலப்பக்கம், இல்லையென்றால் இடப்பக்கம். மணி ஒன்றரை ஆகும்போது இடப்பக்கக் குவியலில் நூற்று அறுபது கட்டைகள் சேர்ந்திருந்தன. கண் எரிந்தது. ஆனால் தூக்கம் வராததற்குக் காரணம் கண் அல்ல.

அந்த நூற்று அறுபதும் என் கொழுந்தனார் மகனுடையவை. ஈரோட்டிலிருந்து நோம்பிக்கு வந்திருந்தார்கள். பையன் மூன்றாவது படிக்கிறான். வரும்போதே தன் கட்டை டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு வந்தான். பெரியம்மா வீட்டிலும் கட்டை இருக்கிறது, சேர்த்து வைத்துப் பெரிதாகக் கட்டலாம் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தானாம். அவனும் என் மகளும் மத்தியானம் முழுக்கக் கட்டினார்கள். சாயங்காலம் பிரித்து அடுக்கும்போது, ஒழுங்காக எடுத்து வைக்க வேண்டும் என்ற நல்லெண்ணத்தில், எல்லாவற்றையும் என் டிராயர்களில் நிறம் பார்த்துப் போட்டுவிட்டார்கள். நான் அடுக்களையிலிருந்து வந்து பார்த்தேன். ஒரு கட்டையை எடுத்ததுமே விரலுக்குத் தெரிந்துவிட்டது. "டூப்ளிகேட்டை எல்லாம் எதுக்கு இதுல கொண்டாந்து கலக்கறீங்க?" என்று கேட்டுவிட்டேன். சத்தமாகத்தான் கேட்டேன்.

பையன் ஒன்றும் சொல்லவில்லை. டப்பாவில் மிச்சமிருந்த நாலைந்து கட்டைகளோடு மூடியை அழுத்தி மூடி, அதைத் தன் துணிப்பையில் அடியில் வைத்தான். அதை அவனுடைய அப்பா பார்த்தார். அந்த டப்பா அவர் போனஸ் வாங்கின அன்றைக்கு வாங்கிக் கொடுத்தது. எனக்கு அது தெரியாது. மறுநாள் காலையில் பிரித்து வைத்த நூற்று அறுபதையும் ஒரு துணிப்பையில் போட்டுக் கொடுத்தேன். "சரிங் பெரியம்மா" என்று வாங்கிக்கொண்டான். அவர்கள் போய் இரண்டு மாதம் வரைக்கும் அந்த ஒரு வார்த்தை என்னை விடவில்லை. கோபப்பட்டது தப்பு, அதில் எனக்கு இரண்டாவது எண்ணமே இல்லை. ஆனால் சொன்னது தப்பா? அது டூப்ளிகேட்தானே? இந்த இடத்தில்தான் மாட்டிக்கொண்டேன்.

ஷேடு பார்க்கிற கண்

நான் திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். சாயப்பட்டறையிலிருந்து வரும் லேப் டிப்பை, அதாவது சாயம் போட்ட மாதிரித் துண்டை, லைட் பாக்ஸுக்குள் வைத்து, நம்மிடம் வாங்குகிற பையர் அனுப்பின துணியோடு ஒப்பிட்டு, இது ஓகே, இது ஒரு புள்ளி சிவப்பு ஏறியிருக்கிறது, இது பகல் வெளிச்சத்தில் சரி, கடை விளக்கில் தப்பு என்று சொல்வது என் வேலையில் பாதி. ஒரு லாட்டுக்கும் அடுத்த லாட்டுக்கும் ஷேடு மாறினால் கண்டெய்னரே நிற்கும். பதினாறு வருஷம் இதைச் செய்த கண், வீட்டுக்கு வந்தாலும் அதையேதான் செய்யும்.

இந்தப் பழக்கம் தொற்றியது ஒரு டென்மார்க் பையரால். ஃபேக்டரி பார்க்க வந்தவர், பாப்பாவுக்கு என்று ஒரு சின்ன லெகோ செட்டைக் கொடுத்துவிட்டுப் போனார். பாப்பாவுக்கு அப்போது இரண்டு வயது, வாயில் போட்டுக்கொள்ளுமே என்று மேலே எடுத்து வைத்தேன். ஒரு ராத்திரி நானே பிரித்தேன். கட்டினேன், கலைத்தேன், மறுபடி கட்டினேன். ஒரு கட்டை இன்னொன்றின்மேல் உட்காரும்போது ஒரு சத்தம் வரும், "டிக்" என்று. அதை எழுத்தில் சொல்ல முடியவில்லை. நாள் முழுக்க, பொருந்தாததைக் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்புகிறவளுக்கு, எடுத்ததெல்லாம் பொருந்துகிற ஒரு பொருள் கையில் கிடைத்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அப்புறம் போன்சாய் மரம் வாங்கினேன். 2021இல் வந்த செட், 878 துண்டுகள். அதில் மரத்துக்கு இளஞ்சிவப்பில் பூ வைத்திருப்பார்கள். பக்கத்தில் போய்ப் பார்த்தால் அது பூவே இல்லை, குட்டித் தவளைகள். எங்கோ ஒரு குளத்தில் வைப்பதற்காகச் செய்த தவளையை, நிறம் மாற்றி, கிளை நுனியில் உட்காரவைத்துப் பூவாக்கிவிட்டார்கள். இதை யோசித்த ஆளை நினைத்து அன்றைக்கு வெகுநேரம் மரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அதே வருஷம் வந்த தாஜ்மகால், 2,022 துண்டுகள், அடுத்த வருஷம் வாங்கினேன். எங்கள் அத்தை விலையைக் கேட்டுவிட்டு, அதற்கு ஒரு கிராம் தங்கம் வாங்கிப் போட்டிருக்கலாமே கண்ணு என்றார்கள். அவர்கள் சொன்னது நியாயம்தான். பொம்மைகளுக்கான இறக்குமதி வரி 2020இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023இல் 70 ஆனது. இங்கே இந்தப் பொழுதுபோக்குக்கு ஆகிற காசில் ஒரு பெரிய பங்கு வரிதான். நான் வேறு நகை நட்டு கேட்பதில்லை என்பதால் வீட்டுக்காரர் ஒன்றும் சொல்வதில்லை.

ஷேடு விஷயத்தைச் சொல்லாமல் போனால் மனசு கேட்காது. அமெரிக்காவிலிருந்து திரும்பின தோழி ஒருத்தி, தன் மகன் சின்ன வயதில் விளையாடின தொண்ணூறுகளின் கட்டைகளை ஒரு பெட்டி நிறையக் கொடுத்தாள். சாம்பல் நிறக் கட்டைகளை என்னுடையவற்றோடு சேர்த்து வைத்ததும் நெற்றி சுருங்கியது. ஆபீசுக்குக் கொண்டுபோய் லைட் பாக்ஸில் வைத்தேன். சந்தேகமே இல்லை, இரண்டு ஷேடு. பழையதில் கொஞ்சம் மஞ்சள் கலந்த வெதுவெதுப்பு. புதியதில் நீலம் ஏறியிருக்கிறது. வெயில்பட்டுப் பழுத்துவிட்டதோ என்று உள்பக்கத்தையும் பார்த்தேன், அங்கும் அதே நிறம்தான். தேடிப் படித்தபோதுதான் தெரிந்தது, 2004இல் நிறுவனமே தன் சாம்பல்களையும் பழுப்பையும் மாற்றியிருக்கிறது. பல வருஷம் சேர்த்து வைத்திருந்த பெரியவர்கள் கொதித்துப் போனார்களாம். எனக்கு அவர்கள் கோபம் நன்றாகப் புரிந்தது. பாதிக் கோட்டையைக் கட்டி முடித்தவனுக்கு அடுத்த லாட் வேறு ஷேடில் வந்தால் என்ன செய்வான்?

ஆனால் ஷேடு மாறிய அந்தப் பழைய கட்டைகளும் புதியவற்றோடு "டிக்" என்றுதான் உட்கார்ந்தன. நிறம் மாறியது, அளவு மாறவில்லை. பையனுடைய கட்டைகள் அப்படி உட்காரவில்லை. ஒன்று இறுகிக்கொண்டு பல்லால் கடித்து எடுக்க வேண்டியிருந்தது, இன்னொன்று தொளதொளவென்று ஆடியது. ஏன்? விடை தெரிந்தால் அந்த வார்த்தை சரியா தப்பா என்பதும் தெரிந்துவிடும் என்று எனக்குத் தோன்றியது. அதனால்தான் மாமாவிடம் போனேன்.

ஆவாரம்பாளையத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

மாமா என்றால் அம்மாவோடு பிறந்த மூத்தவர். கோயமுத்தூர் ஆவாரம்பாளையத்தில் நாற்பது வருஷமாக டை போடுகிறவர். டை என்றால் சாயம் அல்ல, பிளாஸ்டிக்கை உருக்கி வார்க்கிற அச்சு. அதுதான் அவர் தொழில். இப்போது பட்டறையை மகன் பார்த்துக்கொள்கிறான், மாமா தினமும் போய் உட்கார்ந்துவிட்டு வருவார். ஞாயிற்றுக்கிழமை லீவு என்பதால் சாவி வாங்கிக்கொண்டு நாங்கள் இருவர் மட்டும் போனோம். கையில் ஐந்து கட்டைகள் கொண்டுபோயிருந்தேன். எல்லாம் இரண்டுக்கு நாலு, எட்டுக் குமிழ் வைத்தவை. ஒன்று புதியது, ஒன்று தோழி கொடுத்த பழையது, மூன்று பையனுடையவை. அந்த மூன்றும் சோபாவுக்கு அடியில் பின்னால் கிடைத்தவை.

"ஏனம்மணி, பாப்பா சாமானெல்லாம் கொண்டாந்திருக்கற?"

"பாப்பாளுது இல்லீங் மாமா. என்னுதுங். எதனால இது ஒசத்தி, அது மட்டம்னு எனக்குத் தெரியோணுங்."

மாமா சிரிக்கவில்லை. இரண்டு கட்டைகளை எடுத்து மாட்டினார், பிரித்தார், மறுபடி மாட்டிக் காதுக்குப் பக்கத்தில் வைத்துப் பிரித்தார். "கை சொல்லீருச்சு. கை சொன்னத மைக்ரோமீட்டரும் சொல்லுதான்னு பாத்துப் போடலாம்" என்று, எண்ணெய்த் துணியில் சுற்றி மரப்பெட்டியில் வைத்திருந்ததை எடுத்தார்.

முதலில் நீளம். 31.8 மில்லிமீட்டர். குமிழுக்குக் குமிழ் நடுமையம் அளந்தார், 8. நாலு குமிழ் வரிசைக்கு நாலெட்டு முப்பத்திரண்டு வர வேண்டும். "பாயிண்ட் ரெண்டு கொறச்சிருக்கான் பாரு" என்றார். முப்பத்திரண்டே வைத்தால், வரிசையாகச் சுவர் கட்டும்போது பக்கத்துக் கட்டையோடு முட்டிக்கொள்ளும். அதனால் பக்கத்துக்கு பாயிண்ட் ஒன்று விட்டுவிட்டான். உயரம் 9.6. குமிழின் விட்டம் 4.8. பிறகு கட்டையைக் கவிழ்த்து, உள்ளே நடுவில் நிற்கும் மூன்று குழாய்களைப் பார்த்தார். அங்கேதான் அவர் முகம் மாறியது. பழைய காலண்டர் தாளைக் கிழித்துத் திருப்பி எழுத ஆரம்பித்தார். எட்டுக்கு எட்டுச் சதுரம், நாலு மூலையிலும் நாலு குமிழ். மூலைக்கு மூலை, எட்டை ரூட் டூவால் பெருக்கினால் 11.31. அதில் குமிழ் விட்டம் 4.8ஐக் கழித்தால் 6.51. அதுதான் குழாயின் வெளிவிட்டமாக இருக்க வேண்டும். அளந்தார். 6.51.

"நாலு குமிழையும் ஒரே நேரத்துல தொடோணும். தொடாமப் போனா நிக்காது, அமுக்கிப் புடிச்சா கழராது. இந்தக் கொழாய யோசிச்சானே, அவந்தான் கெட்டிக்காரன்" என்றார். 1958 ஜனவரி 28 அன்று டென்மார்க்கில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தது இந்தக் குழாய்க்குத்தான் என்று சொன்னேன். அதற்கு முந்தின கட்டைகள் உள்ளே வெறும் குழி. ஒன்றின்மேல் ஒன்று அடுக்கலாம், தூக்கினால் விழுந்துவிடும். மாமா தேதியைக் காலண்டர் தாளிலேயே ஓரமாகக் குறித்துக்கொண்டார்.

அப்புறம் லென்ஸைக் கண்ணில் செருகிக்கொண்டு உள்பக்கம் பார்த்தவர் என்னையும் கூப்பிட்டுக் காட்டினார். குழாய்க்கும் சுவருக்கும் நடுவே, இத்தனை வருஷம் நான் கவனிக்காத மிகப் பொடி எண்கள். டை நம்பர், கேவிட்டி நம்பர். ஒரு டையில் பல குழிகள் இருக்கும், ஒரே அடியில் அத்தனை கட்டைகள் விழும். ஏதோ ஒரு கட்டை நாளைக்குப் பொருந்தவில்லை என்று வந்தால், எந்த டையின் எந்தக் குழியில் பிறந்தது என்று இதை வைத்துப் பிடித்துவிடலாம். எங்கள் கம்பெனியில் ஒவ்வொரு பண்டலிலும் லாட் நம்பர் ஸ்டிக்கர் ஒட்டுகிறோமே, அதேதான். விளையாட்டுச் சாமானுக்குள் அது இருக்கிறது என்று பார்த்தபோது, சொந்தக்கார ஆளை வெளியூரில் பார்த்தது போல இருந்தது.

தோழி கொடுத்த பழைய கட்டையை அளந்தார். புதியதற்கும் அதற்கும் மைக்ரோமீட்டரில் வித்தியாசம் தெரியவில்லை. நடுவே முப்பது வருஷம். மாமா இரண்டு தடவை பூஜ்யம் சரிபார்த்துவிட்டு மறுபடி அளந்தார்.

பையனுடைய மூன்று. குமிழ் ஒன்றில் 4.82, ஒன்றில் 4.86, ஒன்றில் 4.79. மூன்றாவதின் பக்கச் சுவரில் விரல் வைத்தால் தெரிகிற ஒரு சின்னப் பள்ளம். மாமா அதை விளக்கில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் எதிர்பார்த்தது, சீ என்று தூக்கிப் போடுவார் என்று. அவர் சொன்னது வேறு. "டையில தப்பில்லம்மணி. இந்த டை போட்டவன் நல்ல வேலக்காரன். கோர் பாலீஷப் பாரு. மிஷின்ல அவசரப்பட்டுட்டாங்க. ஆறவிடாம தள்ளியிருக்காங்க."

அவர் விளக்கினதை என் மொழியில் சொல்கிறேன். இந்தக் கட்டைகளைச் செய்கிற ஏபிஎஸ் பிளாஸ்டிக், உருகி டைக்குள் போய் ஆறும்போது ஏறக்குறைய அரை சதவீதம் சுருங்கும். 31.8 மில்லிமீட்டரில் அரை சதவீதம் என்றால் பாயிண்ட் பதினாறு. ஆனால் குமிழும் குழாயும் பிடிப்பதற்கு நாம் விளையாட விடுகிற இடமோ ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு, இரண்டு பங்கு. அதாவது சுருங்குகிற அளவு, அனுமதிக்கிற அளவைப்போல எட்டு முதல் பதினாறு மடங்கு. சுருங்குவதை நிறுத்த முடியாது, எல்லாத் தடவையும் ஒரே மாதிரி சுருங்க வைக்கத்தான் முடியும். அதற்கு மெட்டீரியல் மாறக்கூடாது, அரைத்த பழைய பிளாஸ்டிக்கைக் கண்டபடி கலக்கக்கூடாது, சூடு மாறக்கூடாது, ஆறுகிற நேரம் மாறக்கூடாது. ஒரு அடிக்கு இரண்டு விநாடி மிச்சம் பிடித்தால் ஒரு நாளைக்குப் பல ஆயிரம் கட்டை கூடுதலாக விழும். அந்த இரண்டு விநாடியைத்தான் விலையில் குறைத்திருக்கிறார்கள். லெகோ நிறுவனமே 1963 வரைக்கும் செல்லுலோஸ் அசிடேட்டில்தான் செய்துகொண்டிருந்தது. அது நாளானால் கோணும், நிறம் போகும். ஏபிஎஸ்ஸுக்கு மாறின பிறகுதான் அந்தப் பிடிப்பு நிலையாக நின்றது.

எனக்குத் திருப்தி. விடை கிடைத்துவிட்டது. "அதானுங் மாமா, என்ன இருந்தாலும் டூப்ளிகேட்டு டூப்ளிகேட்டுத்தானுங்" என்றேன்.

மாமா மைக்ரோமீட்டரைக் கீழே வைத்தார். "அந்த வார்த்தைய இங்க சொல்லாத அம்மணி."

குரல் உயரவில்லை. எழுந்துபோய் அலமாரியின் கீழ்த்தட்டிலிருந்து ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்துவந்து என் முன்னால் கவிழ்த்தார். உடைந்த பிளாஸ்டிக் துண்டுகள். பல்சக்கரம் பாதி, புஷ் பாதி, எதற்கென்றே தெரியாத கொக்கிகள். எல்லாம் மில்காரர்கள் கைக்குட்டையில் முடிந்து கொண்டுவந்து கொடுத்தவை. வெளிநாட்டு மிஷினில் ஒரு சின்ன புஷ் உடைந்துபோகும். அதை வரவழைக்க அந்தக் காலத்தில் இறக்குமதி லைசென்ஸ் வேண்டும், மாசக்கணக்கில் ஆகும். அதுவரைக்கும் மிஷின் நிற்கும், அதை ஓட்டுகிற பெண்களுக்கு வேலை இருக்காது. உடைந்ததை ஒட்டவைத்து அளவெடுத்து, தேய்ந்துபோன இடத்தில் புதுசாக இருந்தபோது என்ன அளவு இருந்திருக்கும் என்று யோசித்து, டை போட்டு, ராத்திரியோடு ராத்திரியாக அடித்துக் கொடுப்பார்கள். "நாப்பது வருசமா நான் செஞ்சது அதுதான். அதுக்குப் பேரு ஸ்பேரு. மாட்டுனா மிஷின் ஓடோணும். ஓடலைன்னா நானே ஒடச்சுப் போட்டுட்டு மறுக்கா செஞ்சிருக்கறேன். ஓடுனதுக்கப்பறம் அத டூப்ளிகேட்டுன்னு எந்த மில்காரனும் சொன்னதில்ல."

நான் ஒன்றும் பேசவில்லை. அந்தப் பட்டறையின் சம்பளத்தில்தான் அம்மாவுக்கு மாமா கல்யாணம் பண்ணி வைத்தார். எனக்கு முதல் பட்டுப்பாவாடை எடுத்துக் கொடுத்ததும் அதில்தான்.

பிரித்துப் பார்த்தவர்கள் ஊர்

திரும்பி வரும்போது அவிநாசி ரோட்டில் பஸ் ஊர்ந்தது. ஜி.டி. நாயுடுவின் பெயர் போட்ட கட்டடங்களைத் தாண்டும்போது, மாமா சின்ன வயதில் எங்களுக்குச் சொன்ன கதை ஞாபகம் வந்தது. ஓட்டலில் சர்வராக வேலை பார்த்துக் காசு சேர்த்து, ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் மோட்டார் சைக்கிளை வாங்கி, ஓட்டிப் பார்ப்பதற்கு முன்னால் அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் பார்த்தார் நாயுடு. பின்னால் 1937இல் அவரும் பாலசுந்தரமும் சேர்ந்து நம் நாட்டிலேயே செய்த மின் மோட்டார் வந்தது. எங்கள் ஊர்ப்பக்கம் எந்தப் பட்டறையின் முன்கதையைக் கேட்டாலும் அதில் யாரோ ஒருத்தர் சீமைச் சாமான் ஒன்றைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அதைப் பெருமையாகச் சொல்லி வளர்ந்த நான், ஒரு எட்டு வயதுப் பையனிடம் அதே காரியத்துக்கு வேறு பெயர் வைத்திருக்கிறேன்.

அன்றைக்கு ராத்திரி லெகோவின் சொந்தக் கதையைப் படித்தேன். பில்லுண்ட் என்ற ஊரில் ஓலே கிர்க் கிறிஸ்டியான்சன் என்ற தச்சர் 1932இல் மரப்பொம்மை செய்யத் தொடங்கினது எனக்குத் தெரியும். தெரியாதது அடுத்த அத்தியாயம். போருக்குப் பிறகு அவர் ஒரு பிளாஸ்டிக் வார்ப்பு மிஷினை வாங்குகிறார். அப்போது அவர் கைக்கு வந்த மாதிரிக் கட்டை, இங்கிலாந்தில் ஹிலரி ஃபிஷர் பேஜ் என்பவர் கிட்டிகிராஃப்ட் என்ற பெயரில் செய்து விற்றுக்கொண்டிருந்த கட்டை. தலையில் குமிழ், உள்ளே குழி. அதை எடுத்து அளவைக் கொஞ்சம் மாற்றி, 1949இல் டென்மார்க்கில் விற்பனைக்குக் கொண்டுவந்ததுதான் முதல் லெகோ பிளாஸ்டிக் கட்டை. பேஜ் 1957இல் இறந்துவிட்டார். குழாய் வந்தது அதற்கு அடுத்த வருஷம். கிட்டிகிராஃப்ட் கட்டையின் உரிமைகளை லெகோ நிறுவனம் காசு கொடுத்து வாங்கினது 1981இல்தான்.

நான் பெயர் பார்த்துப் பார்த்து வலப்பக்கம் போட்ட கட்டையின் கொள்ளுத்தாத்தா, இடப்பக்கக் குவியலில் இருந்திருக்கிறார். படித்ததும் கொஞ்ச நேரம் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

அதற்காக எல்லாம் ஒன்றுதான் என்று நான் சொல்ல வரவில்லை. யோசித்துப் பார்த்ததில் இது இரண்டு தனித்தனி விஷயம். கட்டையின் வடிவம் இன்று யாருக்கும் சொந்தமில்லை. குழாயின் காப்புரிமைக் காலம் எப்போதோ முடிந்துவிட்டது. அந்த வடிவத்தையே வணிகச் சின்னமாக வைத்துக்கொள்ளலாமா என்று நிறுவனம் போட்ட வழக்கில், 2005இல் கனடாவின் உச்ச நீதிமன்றமும் 2010இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றமும் முடியாது என்று சொல்லிவிட்டன. வேலை செய்கிற ஒரு வடிவத்தை ஒருத்தர் மட்டும் என்றைக்கும் வைத்துக்கொள்ள முடியாது என்பது எனக்கும் நியாயமாகத்தான் படுகிறது. ஆனால் தவளையைப் பூவாக்கின ஆளின் யோசனை அப்படி அல்ல. ஒரு செட்டை அப்படியே, கடைசித் துண்டு வரைக்கும், அட்டைப்பெட்டிப் படம் உட்படப் படியெடுத்து விற்பது வேறு. எங்கள் டிசைனை அடுத்த யூனிட்டில் எடுத்துப் பிரிண்ட் போட்டால் எனக்கு எப்படி இருக்குமோ அப்படித்தான் அது. அதை நான் வாங்க மாட்டேன். பையனுடையது அந்த ரகமில்லை. வெறும் கட்டைகள். வீடு கட்டலாம், மாடு செய்யலாம், என்ன வேண்டுமானாலும் செய்யலாம்.

நான் இன்னும் பெயர் போட்டதையே வாங்குகிறேன். இனியும் அதையேதான் வாங்குவேன். 1958இல் வார்த்த கட்டை இன்றைக்கு வார்த்த கட்டையில் உட்காரும் என்பதற்காக, நடுவே எத்தனை பேர் எத்தனை டையைத் தேய்ந்ததும் தூக்கிப் போட்டிருப்பார்கள், எத்தனை பேர் அந்த இரண்டு விநாடியை விட்டுக்கொடுக்காமல் இருந்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். அறுபது வருஷத்துக்கு மேலாக ஒரே லாட். திருப்பூரில் ஒரு சீசனுக்கு அதைச் செய்து காட்டச் சொல்லுங்கள் பார்ப்போம். நான் சேர்த்து வைப்பது அதைத்தான்.

பட்டிப் பொங்கல்

தையில் கொழுந்தனார் வீட்டாரை நானே போன் போட்டுக் கூப்பிட்டேன். பையனிடம் போனைக் கொடுக்கச் சொல்லி, வரும்போது உன் டப்பாவைக் கொண்டு வா சாமி என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு "எல்லாத்தையுமாங் பெரியம்மா?" என்று கேட்டான். எல்லாத்தையும் என்றேன்.

வந்தவனிடம் சோபாவுக்கு அடியில் கிடைத்த அந்த மூன்று கட்டைகளைக் கொடுத்து, கோயமுத்தூர்த் தாத்தா இதையெல்லாம் மிஷினில் வைத்து அளந்தார், இந்த டை போட்டவர் நல்ல வேலைக்காரர் என்று சொன்னார் என்றேன். அவனுக்கு அது பெரிய சேதி. எந்தக் கட்டையை, எப்படி அளந்தார் என்று கேட்டு, லென்ஸை வாங்கி எல்லாவற்றையும் பார்த்தான். பெயர் இருப்பதும் இல்லாததும் அரை நிமிஷத்தில் அவனாகவே கண்டுபிடித்துவிட்டான். "இதுல பேரு போட்டிருக்குது, என்னுதுல போடல" என்று சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டான். தீபாவளிக்கு வந்திருந்தபோது நான் ஏன் சத்தம் போட்டேன் என்று அவனுக்குச் சொல்ல நினைத்து வாயெடுத்தேன். "பரவால்லீங் பெரியம்மா" என்றான், நான் தொடங்குவதற்கு முன்னாலேயே.

காங்கயம் காளை கட்டலாம் என்றது அவன் யோசனை. மத்தியானம் அவர்கள் தோட்டத்துப் பக்கத்தில் ஒரு பூச்சிக்காளையை, அதாவது பொலிகாளையை, பார்த்துவிட்டு வந்ததிலிருந்து அதே பேச்சு. சிவப்பாகப் பிறக்கிற கன்று ஆறு மாசத்தில் சாம்பலாகிவிடும் என்று அவன் அப்பா சொல்லியிருக்கிறார். காளைக்குக் கழுத்திலும் திமிலிலும் கருமை ஏறும், விலா வெளுத்து நிற்கும். மயிலை நிறம் என்பார்கள். என் புதிய சாம்பல் கட்டைகளை எடுத்துக் கொடுத்தேன். பையன் தலையாட்டினான். இது மாடு மாதிரி இல்லை, காக்கா மாதிரி இருக்கிறது என்றான். நீலம் ஏறின சாம்பல் அல்லவா, அவன் சொன்னது சரி. தோழி கொடுத்த பழைய பெட்டியைத் திறந்தேன். 2004க்கு முந்தின அந்த வெதுவெதுப்பான சாம்பல் விலாவுக்கு அப்படியே ஒத்துப்போனது. கழுத்துக்கு அவனே தன் டப்பாவில் தேடி எடுத்தான். என்னிடம் இருக்கும் எந்தச் சாம்பலோடும் சேராத, கொஞ்சம் பச்சை கலந்த கருஞ்சாம்பல். லைட் பாக்ஸில் வைத்தால் ரிஜெக்ட்தான். விலாவுக்கு மேலே கழுத்தாக ஏறினபோது, வெயிலில் நிற்கிற மாட்டின் தோல் மாதிரியே இருந்தது.

கால்களை மட்டும் என் கட்டையில் போடலாம், பாரம் அங்கேதான் இறங்கும் என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, சரி என்றான். திமில்தான் நிற்கவில்லை. அவனுடைய 4.86 குமிழ் ஒன்று என் கட்டைக்குள் ஏறாமல் அடம்பிடித்தது, ஆடுகிற ஒன்றை வைத்தால் மாட்டைத் தூக்கும்போதெல்லாம் திமில் கழன்று விழுந்தது. அதைப் படம் எடுத்து மாமாவுக்கு அனுப்பினேன். திமிலின் அடியில் எத்தனை குழாய் இருக்கிறது, எது தொடவில்லை என்று பையனை அளந்து சொல்லச் சொன்னார். மாமாவின் பழைய வெர்னியர் அளவுகோல் ஒன்று இப்போது ஈரோட்டில் இருக்கிறது. நேற்று ராத்திரி கூப்பிட்டு, மூணாவது குழாய் பாயிண்ட் ஜீரோ எட்டு கம்மியாக இருக்கிறது பெரியம்மா என்றான்.